நாற்பதைத் தொட்டால் ஆடும்

முள் நாற்பது மைலைத் தொட்டதும் ஜீப் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

ஸ்டீயரிங் நடுங்கியது. சீட்டு நடுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த பாக்கியநாதனின் கன்னம்கூட நடுங்கியது. முப்பத்தைந்துக்கு இறக்கினால் வண்டி பரம சாது. நாற்பதுக்கு ஏற்றினால் சாமியாடி.

நாமக்கல் ரோட்டில் ராசுவின் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பாக்கியநாதன் சேலத்துக் காண்ட்ராக்டர். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார். ஜீப் பட்டாள ஏலத்தில் எடுத்தது. யாகப்பன் என்று ஒரு டிரைவரை வைத்திருக்கிறார். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஓட்டுவதென்னவோ இவர்தான். வேகத்தின் மேல் அத்தனை ஆசை.

"போன வாரம் ஷாப்ட்டைக் கழட்டி கிரீஸ் வெச்சது யாகப்பன். அன்னியிலிருந்து இந்த ஆட்டம். கோளாறு வண்டியிலயா, இவன்கிட்டயான்னு பார்த்துச் சொல்லு. இவன்கிட்டன்னா இன்னியோட வீட்டுக்கு அனுப்பிடறேன்."

யாகப்பன் பிள்ளைகுட்டிக்காரன், வேலை போகிற நேரத்தில் ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேச வேண்டாமா? தப்புச் செய்தவன் எப்படி நிற்பானோ அப்படியேதான் நின்றான்.

ராசுவுக்கு வாய்க்குக் குறைச்சல் இல்லை. தன் பட்டறைக்கு வந்து ஆடிக்கொண்டே திரும்பிப்போன வண்டி கிடையாது என்றான். இதை எல்லோரிடமும் சொல்வான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

முதலில் சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டினான். ஆடியது. நாற்பதில் வைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, வண்டியைச் சும்மா உருளவிட்டான். அப்போதும் ஆடியது. ஆக, இன்ஜின் இல்லை.

அடுத்து, பின் சக்கரங்களைச் சுழற்றும் நீள ஷாப்ட்டைக் கழற்றிச் சாக்கின் மேல் போட்டான். முன் சக்கரங்களின் இழுவையில் மட்டும் ஓட்டினான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அது ஒரு வசதி. ஐம்பது வரை போய்ப் பார்த்தான். தொட்டிலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து, சாக்கின் மேல் கிடந்த ஷாப்ட்டைத் துடைத்தான். அது இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்பல்லாகச் செருகியிருக்கும். இரண்டிலும் ஒவ்வோர் அம்புக்குறி உண்டு. அம்புகள் நேருக்கு நேர் நின்றால்தான் சரி. இதில் விலகி நின்றன.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பாக்கியநாதனுக்குக் கேட்கும்படி ராசு கத்திச் சொன்னான். ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது, அம்பு இரண்டும் சேரவில்லை என்று.

"அப்ப இவன் வேலைதான். நீ அம்பை நேராக்கி மாட்டு. டீயைக் குடிச்சிட்டு வந்து இவனை அனுப்பறேன்."

ராசு யாகப்பனைப் பார்த்துச் சிரித்தான். "ஏனுங்கண்ணா, இத்தாச்சோடு பெருசா அம்பு போட்டு வெச்சிருக்கான். அதுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

"தெரிஞ்சுதான் மாட்டினேன்."

ராசுவின் சிரிப்பு நின்றது.

யாகப்பன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். போன மாதம் நாமகிரிப்பேட்டை ரோட்டில் கொள்ளுக்கொடி பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும் என்று ஜனங்கள் பரப்புவதுதான். நடுவில் ஒரு அம்மாள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியோ, கொடியைக் குவித்து வைத்திருக்கிறார்கள், ஏற்றிவிட்டுப் போகலாம் என்று வேகத்தைக் கூட்டினார். யாகப்பன் பாய்ந்து ஸ்டீயரிங்கை ஒடித்தான். அந்த அம்மாளின் முந்தானை ஜீப்பில் உரசியது. முதலாளி இன்றுவரை அது குவியல்தான் என்று சாதிக்கிறார். கண்ணைக் காட்டுங்கள் என்று அவர் சம்சாரம் ரோசியம்மா கெஞ்சினால், கண்ணாடி கிழவன்கள் போடுவது என்கிறார்.

"இப்ப நாப்பதுக்குப் போனா கை வலிக்குதுன்னு மெதுவாப் போறாரு. பாதி வழியில என்கிட்டயே குடுத்துடறாரு. நீ நேராக்கிட்டா, நாளைக்கு அந்த ரோட்டுல ஒடிச்சுத் திருப்ப நானும் இருக்க மாட்டேன், ராசு."

ராசு பதில் சொல்வதற்குள் பாக்கியநாதன் வந்துவிட்டார்.

ஷாப்ட் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ராசு அதை இன்னும் தொடக்கூட இல்லை. பாக்கியநாதன் குனிந்தார். மூக்கில் கிரீஸ் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"ம். இப்பத்தான் ரெண்டு அம்பும் நேரா நிக்குது."

ராசு அம்பைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"அது மொதல்லயே நேராத்தானுங்க இருந்துச்சு. நான்தான் தப்பாப் பார்த்துட்டனுங்க. டிரைவர் மேல தப்பில்லீங்க. பட்டாளத்துல அடிபட்ட வண்டி, நாப்பதுக்கு மேல ஆடத்தானுங்க செய்யும். என்னால ஆவாதுங்க."

பாக்கியநாதன் சிரித்த சிரிப்பில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. இவ்வளவுதானா உன் பட்டறைப் பெருமை என்று, அங்கே இருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்டார். பிறகு ராசுவின் தோளில் தட்டினார்.

"மொதல்ல போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுப்பா. இந்த வயசுலயே இப்படிக் கண்ணு போச்சே."

"ஆவட்டுங்க," என்றான் ராசு.

அம்பை நேராக்கச் சொல்லியிருந்தார். ராசு ஷாப்ட்டை இருந்தபடியே தூக்கி மாட்டி, போல்ட்டை மட்டும் முடுக்கினான்.