வேர் உடையாத காளான்

"தண்டுல மோதிரம் மாதிரி இருக்குது பாருங்க. இது நாய்க்குடை. புதைச்சுட்டுக் கிளம்புங்க."

துர்கா சொன்னதும் பார்த்திபனின் முகம் தொங்கிப்போனது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தில் பஸ் மாறி, காணை கிராமத்திலிருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். காப்பியைக் குடித்துவிட்டு, வழக்கம்போல் தனியாகவே திரும்பிப் போனான்.

வினை அவனே தேடிக்கொண்டது. ஆவணி மழையில் ஏரிக்கரையில் எதையோ பறித்துவந்து, காளான் என்று பெண்டாட்டியிடம் கொடுத்தான். சந்தேகமா இருக்கே என்று துர்கா சொன்னதற்கு, எனக்குத் தெரியாதா என்று சட்டம் பேசினான். குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். வீடு திரும்பியதும் அவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னைக்கு நல்ல காளானா பார்த்து எடுத்துக்கினு வர்றீங்களோ, அன்னைக்கு வர்றேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அப்படிச் சொன்னபிறகு அவள்தான் எப்படி இறங்கிவருவாள்?

அன்றிலிருந்து பாவம், மனுஷன் காளான் படிக்கிறான். இடி இடித்தால் போதும், செல்போன் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு ஏரிக்கரைக்கு ஓடுகிறான். யூடியூபில் பார்ப்பது ஒன்று, புல்லில் முளைத்திருப்பது வேறொன்று. கொண்டுபோனதையெல்லாம் துர்கா ஒரே பார்வையில் தள்ளிவிடுவாள். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓட்டலில் தின்று, கடையிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, கடை வாசலில் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணிக்கு அடியில் அசல் புற்றுக்காளான். பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டதற்கு விலை பேசியாச்சு என்று சொன்னவள், பார்த்திபன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். பொய் சொல்லப்போகிறோமே என்று உறுத்தியது. ஆனால் துர்காவைவிட உண்மை பெரிதாகத் தெரியவில்லை.

காணையில் அவள் ஒரு காளானை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க பறிச்சீங்க?"

"ஏரிக்கரைப் புத்துல."

"நீங்களேவா?"

"ம்."

புற்றுக்காளானின் வேர் மண்ணுக்குள் நீளமாக இறங்கியிருக்கும். பழகாதவன் இழுத்தால் பாதியில் ஒடிந்துவிடும். இதில் ஒரு வேர்கூட ஒடியவில்லை. அவள் வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டோம் என்று அவனுக்கு வியர்த்தது.

"நல்ல காளான்தான்" என்றாள் துர்கா. "இருங்க, பையை எடுத்துக்கினு வர்றேன்."

பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பார்த்திபனுக்கு மனசு கேட்கவில்லை. திண்டிவனத்தில் இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"துர்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவன் ஆரம்பிக்கும்போதே, காலையில் பார்த்த கூடைக்காரி காணைக்குத் திரும்பும் அவசரத்தில் எதிரே வந்தாள்.

"வந்துட்டியா துர்கா?" என்று அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். "நீ விடியக்காலையில பறிச்சுக் குடுத்த காளான, உன் வூட்டுக்காரரத் தவிர யாரையும் தொட வுடலம்மா."