நாலடிச் சுவர்

“நாலடி போதுமாங்க?” என்றாள் காவேரி, பிளைவுட் சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டே.

“போதும். போன் காமிராவோட சென்சார் அகலத்தையும் லென்ஸையும் வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். அஞ்சடி தள்ளி, போனை நிமித்தி வச்சா நாலடிதான் தெரியும். சாச்சுட்டீன்னா தகரம் பல்லிளிச்சிடும்.”

சினிமாவுக்கு செட் போட்டே தலை நரைத்தவர் மதியழகன். காமிரா பார்க்காத இடத்தில் ஓர் ஆணிகூட வீணாக்க மாட்டார். இப்போது தொப்பூர் தாபா ஒன்றின் பின்னால், குடியிருக்கும் தகரக் கொட்டகைக்குள், விற்றுவிட்ட சொந்த வீட்டின் கூடத்தையே செட்டாகப் போட்டிருந்தார். மகன் செழியனைத் துபாய்க்கு அனுப்பத்தான் விற்றது. விஷயம் தெரிந்தால் வேலையை உதறிவிட்டு ஓடிவந்துவிடுவான்.

வீடியோ கால் வந்தது.

“வூடு பளிச்சுனு இருக்கேம்மா! பெயிண்ட் அடிச்சீங்களா?”

“ஆமா சாமி. நீ சாப்பிட்டியா?”

“ஆச்சும்மா. ஆபீஸ் முடிஞ்சு இப்பத்தான் ரூமுக்கு வந்தேன்.”

அவனுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே வானத்தை முட்டும் கட்டடங்கள்.

“துபாயில எவ்ளோ உசரமா கட்டியிருக்கான் பாருங்க!” என்று காவேரி பூரித்தாள்.

மதியழகன் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் அந்தக் கட்டடங்கள் துணிபோல மெல்ல மடிந்து, மறுபடி நிமிர்ந்தன.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“செழியா, கீழ் மூலையில இன்னும் ரெண்டு ஆணி அடிச்சிடுப்பா” என்றார்.

இரண்டு பக்கமும் போன் அசையவில்லை.

“சரிங்கப்பா.”