சோதனைப் படம்

கேமரா அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது.

"ஒரு வருஷங்கூட ஆகலீங்க. புதுசு மாதிரி," என்றான் விற்பவன். சுதாகரன் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான்.

தான் தைக்கும் ரவிக்கைகளைப் படமெடுத்துப் போட மைதிலி தேடிக்கொண்டிருந்த அதே மிரர்லெஸ் மாடல். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பூஞ்சை இல்லை. கீறல் இல்லை. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினாள். தூசி இல்லை.

யாரோ ஆசையாக வைத்திருந்த பொருள்.

"நீங்க படம் எடுப்பீங்களா?"

"நானா? இது அவளுது." சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினான். "இனி எங்க வெளிய போகப்போறா, படமெடுக்க."

அங்கே அவன் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி இறுக்கமாகத் துப்பட்டா.

மே மாத மதியம்.

மைதிலிக்கு ஏனோ வாசல் கதவைப் பார்க்கத் தோன்றியது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

"முகத்துல ஃபோகஸ் சரியா பிடிக்குதான்னு மட்டும் பாத்துக்கறனுங்க."

"என்னைய எடுங்க." அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

"நான் நிக்கறேன்."

மனைவி ஜன்னலோரம் வந்து நின்றாள். வெளிச்சம் எங்கே விழும் என்று தெரிந்தவளாக. அவனுக்கு முதுகு காட்டி.

துப்பட்டாவை மெல்ல இறக்கினாள்.

திரையில் அவள் முகத்தைச் சுற்றிச் சின்னக் கட்டம் விழுந்தது. மைதிலி பொத்தானை அழுத்தினாள்.

படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணிமை மயிர்கூடத் தெளிவாக இருந்தது. கீழே நகர்த்தினாள்.

கழுத்தில் விரல் தடங்கள்.

சில பழசாகி மஞ்சளாக. சில இன்னும் ஊதாவாக.

"எப்படி வந்திருக்கு?" அவன் எழுந்து வந்தான்.

துப்பட்டா மறுபடி கழுத்துக்கு ஏறியிருந்தது. அவள் கண்கள் மட்டும் மைதிலியை விடவில்லை.

மைதிலி கேமராவை அணைத்தாள். "நல்லா இருக்குங்க. எடுத்துக்கறேன்."

"அவ படத்த அழிச்சிருங்க."

"அழிச்சுட்டனுங்க."

போனில் பணம் அனுப்பினாள். அவன் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கினான்.

மாடிப்படிகளை எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மறுபடி போனை எடுத்தாள். போலீஸுக்குச் சொல்லலாம். அவர்கள் வந்து, விசாரித்து, புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டால்?

அதன் பிறகு அந்தக் கழுத்து?

படியில் செருப்புச் சத்தம். வேகமாக.

அவன்தான். கேமராவை வாங்கிப் பார்க்க வருகிறான்.

பையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். திரும்பவில்லை.

"அக்கா."

மனைவி. அவளுக்கு மூச்சிரைத்தது. "சார்ஜர் குடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மைதிலி அவள் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுமையாக இருந்தன.

மேலே பால்கனிக் கதவு திறந்தது.

"ஏறு."

முதல் தடவை வண்டி கிளம்பவில்லை. இரண்டாம் தடவை கிளம்பியது. பின்னால் பாரம் ஏறியது. ஒரு கை மைதிலியின் தோளை இறுகப் பற்றியது.

"ஏய், ரோகிணி!" மேலிருந்து அவன் கத்தினான்.

அந்தப் பெயர் அப்போதுதான் தெரிந்தது.

"ஸ்டேஷனுக்குப் போலாமா ரோகிணி? படம் இருக்கு. அழிக்கல."

ரோகிணி பால்கனியைத் திரும்பிப் பார்ப்பது வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது.

"மொதல்ல இந்தத் தெருவத் தாண்டுங்கக்கா."