பத்தியில் இருப்பதை மட்டும்

மூன்று வாரமாக அந்த வீட்டில் விடை ‘இ’யா ‘ஈ’யா என்பதைத் தவிர வேறு சண்டையே இல்லை.

“‘ஆசிரியர் ஏற்க மறுக்காதது பின்வருவனவற்றுள் எது அல்ல’ன்னு கேக்கறான்ப்பா. அப்ப அவர் ஏத்துக்கிட்டாரா, இல்லையா? கேட்டவனுக்காவது தெரியுமா?” மகள் பென்சிலை விட்டெறிந்தாள். அது மேஜைமேல் உருண்டுபோய்த் தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நான்கு நாள். போன வருடம் மற்ற எல்லாப் பகுதியிலும் தேறிவிட்டு, பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதியில் மட்டும் மூன்று மதிப்பெண்ணில் கவிழ்ந்தவள். நான்கு விடையுமே சரி மாதிரி இருக்கும். அதில் ‘மிகச் சரியானதை’ எடுக்க வேண்டுமாம்.

நேற்றைய பத்தி தேனீக்களைப் பற்றியது. கேள்வியோ, ஆசிரியரின் தொனி எத்தகையது என்று. ‘கவலை கலந்த அக்கறை’ என்று குறித்தாள். விடைத்தாளைப் புரட்டினால் ‘அக்கறை கலந்த கவலை’ என்றிருந்தது. அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடுகூட அவளுக்கு இறங்கவில்லை.

அவளைக் கரையேற்றத்தான் அப்பா ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்துத் தள்ளுபடி செய்வது அவர் உத்தியோகம். அவர் கண்ணிலிருந்து ஒரு காற்புள்ளிகூடத் தப்பாது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவரே சொல்லிச் சொல்லிப் பரவிய பேச்சு.

“பத்தியில இருக்கறதை மட்டும் பாரு. உன் மனசுல இருக்கறதை அதுமேல கொண்டுவந்து ஒட்டாதே. அவ்வளவுதான் சூட்சுமம்.”

“மனசு பத்தியில நிக்கவே மாட்டேங்குதுப்பா. அம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன்.”

அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்பது அப்பாவின் கட்சி. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதில் ஒரு தேதி தப்பு, அதை அவர் திருத்தினார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா வந்தால்தான் தேர்வு எழுதவே போவேன் என்று மகள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. அவரும் உள்ளூர அவள் வரவைத்தான் எண்ணி எண்ணி நாளை நகர்த்திக்கொண்டிருந்தார். முதலில் இறங்கிப் போகத்தான் மனம் வரவில்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள தானா வந்துடுவா. நீ அடுத்ததைப் படி.”

தபால்வழிப் பயிற்சி நிலையம் புதன்தோறும் அவர் பெயருக்கு மாதிரித்தாள் அனுப்பும். இன்று தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கவரை, வாசலிலிருந்து நடந்துகொண்டே கிழித்து, கைக்கு வந்த தாளை உருவி மேஜைமேல் வைத்திருந்தார். மகள் அதை எடுத்து உரக்கப் படித்தாள்.

“‘மேற்படி இருபத்தோரு ஆண்டுகளும் என் கட்சிக்காரர் ஒருநாள் ஓய்வுமின்றி ஆற்றிய பணிகளைத் தாங்கள் பணியாகவே கருதவில்லை என்பதும், என் கட்சிக்காரர் குறை கூற முற்பட்டபோதெல்லாம் அதைச் செவிமடுக்காமல் தட்டிக்கழித்தீர்கள் என்பதும், ஆகவே என் கட்சிக்காரர் வெளியேற நேர்ந்தது என்பதும்…’ முற்றுப்புள்ளியே வரமாட்டேங்குதுப்பா. யாரு யாரை எதுக்குத் திட்டறாங்க?”

அப்பா தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை அவருக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

இது தொழிலாளர் தகராறு என்று சொல்லிவிட்டார். இருபத்தோரு வருடம் விடுமுறையே கொடுக்காமல் வேலை வாங்கிய ஒரு முதலாளி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியேறிய ஒரு தொழிலாளி என்று பென்சிலால் அடிக்கோடு போட்டுப் போட்டு விளக்கினார்.

“சம்பளம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?”

“அதான் விஷயம். குடுத்திருந்தாத்தானே எழுதுவாங்க.”

முதலாளி பக்கமும் ஏதாவது நியாயம் இருக்காதா என்று மகள் இழுத்தாள். பத்தியில் அப்படி எதுவும் இல்லை என்று அப்பா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

“இந்த மாதிரி ஆளுகிட்ட இருபத்தோரு வருஷம் இருந்ததே பெரிசு. கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை ஒண்ணுதான். போனது சரி. திரும்பி வரணும்னு அவசியமே இல்லை.”

அதைத் தாளின் ஓரத்தில் எழுதி, பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டு வைத்தார். வெகு நாளைக்குப் பிறகு ஒரு மனுவை அனுமதித்த நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

“அது சரி, கேள்விங்க எங்கப்பா? அ, ஆ, இ, ஈ ஒண்ணையும் காணோமே.”

கவரிலேயே தங்கியிருக்கும், எடுத்துப் பார் என்றார். மகள் குப்பைக்கூடையிலிருந்து கவரை எடுத்து உள்ளே விரலை விட்டாள். மடித்த தாள் இன்னொன்று வந்தது. அதைப் பிரித்து நின்றபடியே படித்தாள். இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை. புரியவில்லை என்று அலுத்துக்கொள்ளவும் இல்லை.

“என்ன, கேள்வி ரொம்பக் கஷ்டமா?” என்றார் அப்பா, பென்சிலைச் சீவிக்கொண்டே.

“இது முதல் பக்கம்ப்பா. அம்மா உங்களுக்கு அனுப்பின வக்கீல் நோட்டீஸ்.”