எஃப் வரும் இடம்

எஃப் வந்தால் பாட்டு நின்றுவிடும்.

சி, ஏ மைனர், ஜி என்ற கிட்டார் கார்டுகள் எல்லாம் அவனுக்கு வழிக்கு வந்துவிட்டன. எஃப் மட்டும் முரண்டு பிடித்தது. ஆறு கம்பிகளின் மேலும் சுட்டுவிரலைப் பாய் விரிப்பதுபோலக் கிடத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதைத் தாண்டிப் போய் ஆளுக்கொரு கம்பியைப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் விரல் வலிக்கும். அழுத்தாவிட்டால் சத்தம் டொக்கென்று செத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு முறையும் நிறுத்துவான். குனிந்து கையைப் பார்ப்பான். விரல்களை ஒவ்வொன்றாக உட்கார வைப்பான்.

பிறகு மீட்டுவான்.

அவனுக்கு வேலை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஓர் எடைமேடையில். லாரி ஏறி நின்றதும் எண் ஓடும். அது ஓடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமைக்குக் குறைச்சல் இல்லாத ஆள்.

தலை நரைக்கும் வயதில் எதற்கு கிட்டார் என்று கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்றான்.

பச்சைப் பொய்.

அவன் மனைவி செலின் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. போன வருடம் தொண்டையில் தைராய்டுக் கட்டியை எடுத்தார்கள். குரல் மெல்லத்தான் திரும்பும், பாடப் பாடத்தான் திரும்பும் என்றார் டாக்டர். அவளும் ஒரு ஞாயிறு பூசையில் பாடிப் பார்த்தாள். பாதி வரியில் மூச்சு தீர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் அவளுக்காக வரியை முடித்துக் கொடுத்தார்கள்.

அதோடு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. பாடேன் என்றால் எழுந்து போய்விடுவாள்.

அவள் பாடாத வீடு அவனுக்குப் பிடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கெஞ்சினால் பாடமாட்டாள். ஆனால் காதுக்குப் பக்கத்தில் ஒருவன் தப்புத் தப்பாக வாசித்தால் பொறுக்கவும் மாட்டாள். அவளைத் தெரிந்தவன் போட்ட திட்டம் அது. கல்யாணமான புதிதில் அவள் ஓயாமல் பாடிய சினிமாப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடம் பார்த்தான்.

முதலில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு சாத்துவதை விட்டாள்.

ஒரு ஞாயிறு, மீன் குழம்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே முணுமுணுப்பு கேட்டது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று தெரியும். தொடர்ந்து வாசித்தான்.

எஃப் வந்தது. நின்றான். உள்ளே அவளும் நின்றாள். விரல்கள் உட்கார்ந்ததும் இருவரும் சேர்ந்து தொடர்ந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். முணுமுணுப்பில் மெல்லச் சொற்கள் வந்தன.

அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது. பாடமாட்டேன் என்றவளே பாடுகிறாள். நடுவில் பழுதான வண்டி மாதிரி நின்று பாட்டைக் கெடுப்பது இவன். ஒரு முறையாவது நிற்காமல் அவளுக்கு வாசித்துவிட வேண்டும். கிட்டாரை வேலைக்கே எடுத்துப் போனான். இரண்டு லாரிகளுக்கு நடுவே எஃப். மறுபடியும் எஃப்.

"அண்ணாச்சி, பாட்டு அப்புறம். முதல்ல எடையப் போடுங்க" என்று டிரைவர்கள் கத்தினார்கள்.

இந்த ஞாயிறு உட்கார்ந்தான்.

சி. ஏ மைனர். எஃப்.

வந்துவிட்டது.

ஒரு கம்பிகூடச் சாகவில்லை. நிற்காமல் ஜி-க்குப் போனான். முகமெல்லாம் சிரிப்பாக, முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

செலின் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். வாய் திறந்திருந்தது. அப்போதுதான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு அவளை விட்டுவிட்டு இரண்டு சொல் தள்ளிப் போயிருந்தது.

அவள் கை கழுத்துத் தழும்புக்குப் போனது.

அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

இத்தனை ஞாயிறும் அந்த இடத்தில் குனிந்து தன் விரல்களையே பார்த்திருக்கிறான். அவள் அங்கே மூச்சு வாங்கிக்கொள்வதைப் பார்க்கவே இல்லை. தன் மேலேயே கோபம் வந்தது.

"வந்துட்டு போலயே" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். கரண்டியோடு உள்ளே திரும்பினாள்.

"எங்க வந்துட்டு? ஏதோ கை தவறிப் பட்டுட்டு" என்றான்.

முதலிலிருந்து தொடங்கினான்.

சி. உள்ளே சத்தம் இல்லை. ஏ மைனர். குழம்பு கொதித்தது.

வரி முடியும்போதுதான் அவள் குரல் வந்து சேர்ந்துகொண்டது.

எஃப் இருக்கும் இடத்துக்கு விரல்கள் தாமாகவே ஓடின. அவன் அவற்றைத் தூக்கிக்கொண்டான்.

கையைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்து நின்ற அவள் முதுகைப் பார்த்தான். தோள் ஏறியது. நின்றது.

மீட்டினான்.

இருவரும் சேர்ந்து ஜி-க்குப் போனார்கள்.

சரணம் தொடங்கும்முன் உள்ளிருந்து கேட்டாள்.

"அந்த எஃப் சரியா வர இன்னும் நாளாகும் போலயே?"

"ஆகும்."

"ஆகட்டும்" என்றாள்.

மறுபடியும் அந்த இடம் வந்தது. அவன் கம்பிகளை விட்டுவிட்டுக் காத்திருந்தான்.