இருபத்தைந்தாவது பேச்சாளர்

"இருபத்தாறாவது இல்ல தாயி, இருபத்தஞ்சாவது. இருபத்தொண்ணுல கொரோனான்னு நடத்தல. அது தெரியாமப் போயி, பூட்டுன கேட்டப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்தேன்," என்றார் பெரியவர்.

சண்முகசுந்தரி அவசரமாக நோட்டைத் திறந்து எழுதினாள்: 'பிப்ரவரி 11, புதன். என் தவறு: சொற்பொழிவின் எண். நடந்தவற்றை எண்ணாமல் ஆண்டுகளை எண்ணிவிட்டேன்.' எழுதியதை ஒருமுறை சரிபார்த்தாள். இன்னும் எத்தனை தவறு கிடக்கிறதோ என்று பயமாக இருந்தது.

ஒரு மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை, மாலையில் பி.ஏ. வகுப்பு. 'தங்கப்பழம் நினைவுச் சொற்பொழிவு' வளர்ந்த வரலாற்றை விழா மலருக்கு எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு கையெழுத்தும் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் சங்கரன்கோவிலில், சொற்பொழிவை நிறுவிய பெரியவர் சங்கரசுப்பிரமணியனின் வீட்டுக்கு வந்திருந்தாள். அவரைப் பற்றிக் கோப்பில் இருந்தது பெயரும் முகவரியும் மட்டுமே.

சுவரில் மாலை போட்ட ஒரு படம். தலையில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு.

"இவங்கதான் தங்கப்பழமா? உங்க அண்ணனா ஐயா?"

"என்னைவிட ரெண்டு வயசு மூப்பு."

'அண்ணன்' என்று எழுதிக்கொண்டாள். "எங்க காலேஜ்ல எல்லாரும் இவரைப் பெரிய டாக்டர்னு நெனச்சிட்டிருக்காங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். "டாக்டரா? பனவடலிசத்திரத்துல உளுந்து வெதச்சுப் பொழச்சவன். ஒருநா நெஞ்சு கரிக்குதுன்னு டாக்டர்ட்ட வந்தான். அன்னைக்கு நல்ல கூட்டம். 'என்ன வே, கல்யாண வீட்டுல வடைய வெளுத்துக் கட்டினீராக்கும்'னு டாக்டர் கேலி பண்ணுனான். தொட்டுக்கூடப் பாக்கல. வாயுன்னு மாத்திரைய எழுதிக் கொடுத்தான். பஸ்ஸு ஊரு போய்ச் சேருததுக்குள்ள உசுரு போயிட்டு."

"மாரடைப்பா?"

"ம்."

அந்த விசித்திரமான நிபந்தனை ஏன் வந்தது என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. எவ்வளவு பெரிய மருத்துவரானாலும், தான் செய்த ஒரு தவறை மாணவர்கள் முன்னால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுதான் சொற்பொழிவு. இருபத்துநான்கு பேர் அப்படிச் சொல்லியிருந்தார்கள். அத்தனையையும் அவள் தட்டச்சு செய்திருந்தாள்.

"இந்த வருஷம் அஞ்சு பேரக் கேட்டாச்சு ஐயா. ஒருத்தரும் வரமாட்டேங்காங்க. பிள்ளைக போன்ல எடுத்து ஊரெல்லாம் அனுப்பிருவாங்கன்னு பயம். நிபந்தனைய எடுத்துட்டா வருவாங்களாம். அதுக்கு உங்க கையெழுத்து வேணும். இல்லன்னா இதோட நிறுத்திருவோம்னு டீன் சொல்லிட்டாரு."

"நிபந்தனைய எடுத்துட்டு என்னத்தப் பேசுவாங்க?"

"அவங்கவங்க சாதனைய."

"அதுக்கு எதுக்குத் தங்கப்பழம் பேரு?" பெரியவர் அவளையே பார்த்தார். "நீ என்ன சொல்லுத? போடவா, வேண்டாமா?"

"என்னையக் கேட்டா... போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். போன வருஷம் பேச்சக் கேட்ட ஒரு பயிற்சி டாக்டர், மறுநாள் வாயுன்னு அனுப்பிவிட்ட ஒருத்தர வாசல் வரைக்கும் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்து ஈ.சி.ஜி. எடுத்தாராம். அந்த ஆளு இன்னைக்கு உசுரோட இருக்காரு. ஆனா நீங்க போடலன்னா எல்லாமே நின்னுரும். அதான் எனக்கு எது சரின்னே தெரியல."

பெரியவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தபடி இருந்தார். அவளுக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல ஐயா. இத்தன பேர் பேசியிருக்காங்க. அன்னைக்கு மாத்திரை எழுதுன டாக்டர் மட்டும் ஏன் வரல? நீங்க கூப்பிடலையா?"

"அவன் வரமாட்டான். பயந்தாங்கொள்ளி."

"இருக்காரா?"

"இருக்கான், இருக்கான். மூணு வேளையும் ருசி பாத்துத் திங்கான். அவனுக்கென்ன கேடு?"

காப்பியோடு வந்த அவருடைய மனைவி பார்வதியம்மாள் முகம் சுளித்தார். "வந்த பிள்ளகிட்ட ஏன் இப்பிடிப் பேசுதீக? அந்த டாக்டரும் மனுசந்தானே?"

"நீ சும்மா இரு."

கேட்டிருக்கக் கூடாதோ என்று சுந்தரிக்கு உறுத்தியது. ஆனாலும் சொன்னாள். "அவர் ஒருத்தர் வந்து மேடையில நின்னா மத்தவங்களுக்கும் கூச்சம் விட்டுப்போயிரும்னு தோணிச்சு. தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க ஐயா."

"தப்பு ஒண்ணும் இல்ல. தாளக் கொடு."

சம்மதக் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனா முள் தாளில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று அவள் நினைத்தபோது, நான்காக மடித்து நீட்டினார்.

"பஸ்ஸ விட்டுராத மக்கா. போயிட்டு வா."

போட்டுவிட்டார் என்று நினைத்தாள். இனிமேல் மேடையில் சாதனைகள்தான். தாளைப் பிரித்துப் பார்க்கவே மனம் வரவில்லை. பஸ் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பிரித்தாள். அச்சடித்திருந்த வாசகம் முழுவதும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. கீழே அவர் கைப்பட எழுதிய மூன்று வரிகள் இருந்தன. இரண்டு முறை படித்தாள். பிறகு நோட்டைத் திறந்து, 'அண்ணன்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பஸ்ஸின் குலுக்கலில் கோணல்மாணலாக எழுதினாள்:

'நாளைய வேலை: பத்து மணிக்குள் அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். நிபந்தனையில் மாற்றமில்லை. பேச்சாளர்: டாக்டர் ந. சங்கரசுப்பிரமணியன், சங்கரன்கோவில். சொல்லப்போகும் தவறு: தங்கப்பழம்.'