இறக்கத்துக்கு மட்டும்

"பிரேக்கை மட்டும் பாருங்கண்ணே. இஞ்சின் வேணாம்" என்றாள் முத்துப்பிரியா.

மெக்கானிக் மொய்னுதீன் அந்தப் பழைய குட்டி பைக்கைச் சுற்றிப் பார்த்தார். "இஞ்சின் ஓடாம எப்படிம்மா ஓட்டுவ?"

"காலையில ஏலத்தோட்டத்து ஜீப்புல மேல ஏத்திருவேன். சோலி முடிஞ்சதும் இறக்கத்துல உருட்டிட்டு வந்துருவேன். வீட்டுக்காரரு அதுவரைக்குந்தான் பழக்கிவிட்டாரு. ஞாயித்துக்கெழம கியரு போடச் சொல்லித்தர்றேன்னாரு."

"அப்ப ஞாயித்துக்கெழமைக்குள்ள இஞ்சினையும் ஓட வச்சிர்றேன்."

"அந்த ஞாயித்துக்கெழம வர்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டாருண்ணே. ஆறு வருசமாச்சு."

மொய்னுதீன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நானே சொல்லித்தர்றேன்மா. அரைமணி நேரம் போதும்."

"வேணாம்ணே." அவள் சீட்டைத் தடவினாள். "அவரு வந்து சொல்லித்தர இது ஒண்ணாவது மிச்சமிருக்கட்டும்."